லூப் லைனில் ஷார்ட்

பொன்மலை,
திருச்சி.

அன்புள்ள சண்முகம்,

இங்கே அனைவரும் நலம். நீயும் நலம் என்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உடம்பு முடியாதவன், தண்டவாளம் இரண்டாகப் பிரியும் ஒரு பாயிண்டைப் பக்கம் பக்கமாகத் திட்டி எழுத மாட்டான். பேரனுக்காகத் தொடங்கிய பொம்மை ரயில் என்கிறாய். பேரன் பள்ளிக்கூடம் போன பிறகும் மாடி அறையை விட்டு நீ இறங்குவதே இல்லையாம், தங்கை மல்லிகா போனில் சொன்னாள்.

உன் கடிதத்தில் ஒரே ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது. பாயிண்டை, மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் லூப்புக்கு வைத்தால் வண்டி ஓடுகிறது, மெயின் லைனுக்கு வைத்தால் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கண்ட்ரோலர் அணைந்துவிடுகிறது. அதுவும் லூப் லைனுக்குத் தனி ஒயர் இறக்கிய நாளிலிருந்து. அப்படியென்றால் என்ஜினை ஏனப்பா பிரித்துப் போட்டிருக்கிறாய்? முதலில் அதை மூடு. பழுது அதில் இல்லை.

படத்தில் பார்த்தேன், உன் பாயிண்டில் உள் தண்டவாளங்கள் கூடும் கிராஸிங் பிளாஸ்டிக் அல்ல, முழுக்க உலோகம். அந்த வகையில் கிராஸிங்கும், அதிலிருந்து வெளியே போகும் இரண்டு உள் தண்டவாளங்களும் மின்சாரத்துக்கு ஒரே துண்டுதான். பாயிண்டின் நகரும் நாக்கு எந்த வெளித் தண்டவாளத்தைத் தொடுகிறதோ, அதன் துருவத்தை, பிளஸோ மைனஸோ, அந்தத் துண்டு முழுவதும் எடுத்துக்கொள்ளும். மெயினுக்கு வைத்திருக்கும்போது லூப்பின் இரண்டு தண்டவாளங்களும் ஒரே துருவமாகிவிடும். அதில் நிற்கும் வண்டி நகராது. பலர் அதற்காகவே இந்தப் பாயிண்டை வாங்குகிறார்கள். நீ லூப்புக்குள் தனியாக இரண்டு துருவத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாய். கிராஸிங் ஒன்றைச் சொல்ல, உன் ஒயர் அதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்?

நான் சொல்வதை நம்ப வேண்டாம். லூப் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு மெயினுக்கு வைத்துப் பார். ஓடினால், லூப்பின் இரண்டு முனையிலும் உள்ள பாயிண்டுகளில், கிராஸிங்கைத் தாண்டிய இரண்டு உள் தண்டவாளங்களிலும் துண்டுகளை இணைக்கும் உலோக ஃபிஷ்பிளேட்டை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜாயிண்ட் போடு. அதன் பிறகு லூப்பில் எப்போதும் மின்சாரம் இருக்கும். வண்டியை அங்கே நிறுத்திவைக்க வேண்டுமானால் லூப் ஒயரில் ஒரு சாதாரண சுவிட்ச் வைத்துக்கொள்.

நம் வேலையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. தடத்தில் வண்டி இருப்பதைத் தண்டவாள மின்சாரத்தால் கண்டுபிடிக்க வில்லியம் ராபின்சன் 1872-இல் உருவாக்கிய டிராக் சர்க்யூட்டை நம்பித்தானே நீயும் நானும் பணிக்காலம் முழுக்கச் சம்பளம் வாங்கினோம்? வண்டியின் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் ஷார்ட் செய்தால்தான் ரிலே என்கிற மின்காந்த சுவிட்ச் விழும், சிக்னல் சிவப்பாகும். உன் மாடியில் அதே ஷார்ட் வந்தால் ஆட்டமே முடிந்தது. அதனால்தான் மாடல் வண்டியின் சக்கரத்தில் ஒரு பக்கமாவது அச்சோடு மின் தொடர்பு இல்லாமல் செய்கிறார்கள். சிக்னல்காரன் மூளைக்கு இது பழக சற்று நாளாகும்.

இனி, நீ அந்த ஒயரை இறக்கியதற்கான காரணத்துக்கு வருகிறேன். தொலைவில் வண்டி தளர்ந்து போகிறது, ஆனால் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் முழுதாகக் காட்டுகிறது, ஆகவே மீட்டர் பொய் சொல்கிறது என்று எழுதியிருக்கிறாய். மீட்டர் பொய் சொல்லவில்லை. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமில்லை என்கிற அளவுக்குக் குறைவு. ஃபிஷ்பிளேட் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதற்கு வோல்டேஜ் முழுதாக வந்து சேரும். என்ஜின் இழுக்கும்போதுதான் ஒவ்வொரு ஜாயிண்டும் தன் பங்கைத் தின்னும். எனவே தொலைவில் ஒரு 12 வோல்ட் சிறு பல்பைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே எரியவிட்டு, அது எரிந்துகொண்டிருக்கும்போதே அள. ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் இப்பக்கமும் அப்பக்கமும் பார்த்துக்கொண்டே வா. எங்கே வோல்டேஜ் சட்டென்று இறங்குகிறதோ அதுதான் கெட்ட ஜாயிண்ட். நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் ஒன்று மட்டும்தான் கெட்டிருக்கும் என்று எதிர்பார்க்காதே. ஃபிஷ்பிளேட்டை மின்சாரம் கடத்தும் பொருளாகவே எண்ணாமல், தண்டவாளத்தை நேராகப் பிடிக்கும் பொருளாக மட்டும் எண்ணிக்கொள். பலகைக்கு அடியில் தடித்த ஒயர் இரண்டை ஓடவிட்டு, துண்டுக்குத் துண்டு மெல்லிய ஒயரைச் சால்டர் செய்து அதோடு சேர்த்துவிடு. நிறத்தை மட்டும் மாற்றாதே: உள்பக்கம் சிவப்பு என்றால் கடைசி வரை சிவப்பு.

மறுபடியும் எங்காவது ஷார்ட் வந்தால் ஒவ்வோர் இடமாகத் தடவிக்கொண்டிருக்காதே. என்ஜின்களையும் விளக்கு வைத்த பெட்டிகளையும் முதலில் கீழே எடுத்துவை. கண்ட்ரோலரிலிருந்து வரும் ஒரு ஒயரில் 12 வோல்ட் 5 வாட் பல்பைத் தொடராகக் கட்டு, வீட்டு ஒயரிங்கில் கட்டும் சீரீஸ் பல்பு மாதிரியே. ஷார்ட் இருக்கும்வரை பல்பு பிரகாசமாக எரியும், கண்ட்ரோலருக்கும் சேதமில்லை. பிறகு ஒயர்களில் பாதியைக் கழற்று. பல்பு அணைந்தால் பழுது கழற்றிய பாதியில், எரிந்தால் மீதியில். அந்தப் பாதியை மறுபடியும் பாதியாக்கு.

தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்ப்பதாகவும் எழுதியிருக்கிறாய். நிறுத்திவிடு, கீறல்களில்தான் அழுக்கு முதலில் போய் உட்காரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். சக்கரங்களையும் துடை, அவைதாம் அழுக்கை ஊரெல்லாம் இழுத்துச் செல்பவை. எஃகு நார் மட்டும் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது. அதன் துகள்கள் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டினால் நிஜமாகவே என்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் நடக்கச் சொல்கிறார், நான் ஒர்க் ஷாப் வாசல் வரை போய்த் திரும்புகிறேன். சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உன் பக்கத்தில் நல்ல இடம் இருந்தால் சொல். பொங்கல் கழிந்து நாகைக்கு வருவதாக இருக்கிறோம். பிளாஸ்டிக் ஜாயிண்ட் எத்தனை வேண்டும் என்று எண்ணி எழுது, வாங்கி வருகிறேன். பாயிண்டுக்கு இரண்டு வீதம். பேரன் தொலைப்பதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
கோபால்