கன்றின் ஊர் தெரிகிறது, இறைச்சிக்கூடத்தின் முதலாளி தெரியவில்லை

அமெரிக்க நாடாளுமன்றத்தின் வேளாண் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எல்லைக்கு வடக்கே கனடாவிலிருந்து எழுதுகிறேன். மாடு வளர்ப்பவனும் இல்லை, வியாபாரியும் இல்லை. கடையில் கறி வாங்கிச் சமைக்கிறவன். மாட்டிறைச்சியில் அதன் நாட்டைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்ற மசோதா 2021 முதல் திரும்பத் திரும்ப உங்களிடம் வருகிறதே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

எந்த நாட்டுக் கறி என்று தெரிந்துகொள்ளும் உரிமையில் எனக்குச் சண்டை இல்லை. இதே போன்ற உங்கள் பழைய சட்டத்தின் மேல் கனடாவும் மெக்சிகோவும் போட்ட வழக்கில், உலக வர்த்தக அமைப்பும் 2012-இல் அந்த நோக்கத்தைத் தவறென்று சொல்லவில்லை. நீங்கள் தோற்றது வேறு இடத்தில். அந்தச் சட்டத்துக்காக 2009-இல் வந்த விதிப்படி, கனடாவின் அல்பெர்ட்டாவில் பிறந்து உங்கள் நெப்ராஸ்காவில் தீனி தின்று கொழுத்த மாட்டை உள்ளூர் மாட்டோடு கலக்காமல் கணக்கு வைக்க வேண்டியிருந்தது. மாட்டை வாங்கி அறுக்கும் கூடக்காரர் என்ன செய்வார்? சில கூடங்கள் கனடா மாட்டைக் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் எடுத்தன, சில எடுக்கவே இல்லை, எடுத்தவர்களும் விலையில் கைவைத்தார்கள். மெக்சிகோ கன்றுகளுக்கும் அதே கதிதான். இவ்வளவு கணக்கும் எழுதிய பிறகு, ஹோட்டல் பர்கருக்கு லேபிள் வேண்டாம், பதப்படுத்திய உணவுக்கும் வேண்டாம் என்று விலக்கு! மாடு வளர்ப்பவர் சுமந்த கணக்கில் பெரும்பகுதி சாப்பிடுகிறவர் கண்ணில் படவே இல்லை. தீர்ப்பில் உங்களைக் கவிழ்த்ததும் இதுதான்.

2015 டிசம்பரில் உங்கள் சரக்குமேல் பதில் வரி போட, ஆண்டுக்குக் கனடாவுக்கு 105 கோடிக் கனடிய டாலருக்கு மேலும், மெக்சிகோவுக்குச் சுமார் 22.8 கோடி அமெரிக்க டாலருக்கும் அனுமதி கிடைத்தது. அதே மாதம் மாட்டிறைச்சிக்கு அந்தச் சட்டத்தைத் தூக்கிவிட்டீர்கள். சரி, அப்புறம் நடந்தது அதைவிட வேடிக்கை. இறக்குமதி இறைச்சியை உங்கள் நாட்டில் வெட்டிப் பொட்டலம் கட்டினாலே 'அமெரிக்கத் தயாரிப்பு' என்று போட்டுக்கொள்ள முடிந்தது. 2026 ஜனவரியில்தான் அந்த ஓட்டை அடைபட்டது. இப்போது அங்கேயே பிறந்து, வளர்ந்து, அறுபட்டு, பதப்படுத்தப்பட்ட இறைச்சிக்குத்தான் அந்தப் பெயர். விருப்பமுள்ளவர் போட்டுக்கொள்ளலாம். எனக்கு இது போதும் என்றே படுகிறது.

கட்டாயம்தான் வேண்டும் என்றால் ஒரு கேள்வி. உங்கள் நாட்டில் தீனி போட்டுக் கொழுக்க வைத்த மாடுகளில் சுமார் 85 விழுக்காட்டை வாங்குவது நான்கே இறைச்சிக்கூட நிறுவனங்கள். அதில் ஒன்றான ஜேபிஎஸ் பிரேசிலில் தொடங்கியது. அல்பெர்ட்டாக் கன்று அந்நியம், சாவோ பாவ்லோ முதலாளி மட்டும் சொந்தக்காரரா? மாடு வளர்ப்பவருக்கு விலை படியாத கோபம் அந்த நால்வர் மேல், அடி விழுவது கன்றின் மேல்.

நிலத்திலும் இந்தக் கதைதான். அந்நியர் விவசாய நிலம் வாங்குகிறார்கள் என்று உங்கள் மாநிலங்கள் சட்டம் போடுகின்றன. பேச்செல்லாம் சீனாவைப் பற்றி. அந்நியர் கையில் இருக்கும் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கனடாக்காரர்களுடையது. சீனாவின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. எங்கள் பக்கமும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கனடியர் அல்லாதவர் 10 ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வைத்திருக்க முடியாது. ஓய்வூதிய நிதிகளுக்குக்கூட 2015-இல் கதவைச் சாத்தினார்கள், கனடா நிதியாகவே இருந்தாலும்.

மசோதா மறுபடி வரும்போது ஹோட்டல் மேசைக்கும் லேபிளைக் கொண்டுபோங்கள். கூடத்தின் முதலாளி யார் என்பதும் அதில் இருக்கட்டும். ஹோட்டல்காரர்களும் கூடக்காரர்களும் அதற்குச் சம்மதிக்கிறார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
கனடாவிலிருந்து ஒரு வாடிக்கையாளர்