ஆண்டறிக்கை: மெனு தேடலில் தெரியவேண்டும்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார், கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. இந்த வருடம் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது ஒரே வேலைதான்: நம் உணவகங்களின் மெனுவை இணையத் தேடலில் தெரியவைப்பது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மில் பலருடைய வலைத்தளத்தில் மெனு என்பது அச்சடித்த அட்டையின் போட்டோ. பார்க்க அழகுதான், ஆனால் அதில் எது உணவின் பெயர், எது விலை, எது சும்மா போட்ட அலங்கார வரி என்று தேடுபொறியால் உறுதியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. பக்கத்தில் எது என்ன என்று தேடுபொறிக்குப் புரியவைக்கத்தான் 2011-இல் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொல்தொகுதியைத் தொடங்கின. உணவகத்துக்குள் மெனு, மெனுவுக்குள் பிரிவு, பிரிவுக்குள் ஒவ்வோர் உணவு, அதற்குப் பெயர், விளக்கம், விலை, சைவமா, வீகனா, குளூட்டன் இல்லாததா என்பதுவரை ஒவ்வொன்றுக்கும் அதில் தனி இடம் உண்டு. இதை ஜேசன்-எல்டி என்ற, தேடுபொறி படிக்கும் வடிவில் எழுதி, பக்கத்தின் நிரலுக்குள் வைத்தால் போதும், பக்கத்தின் தோற்றம் மாறாது.

ஓர் உறுப்பினரின் பக்கத்தை உட்கார்ந்து பார்த்தபோது, விலைக்கான இடத்தில் நாணயக் குறியையும் சேர்த்து எழுதியிருந்தார். அங்கே எண் மட்டும்தான் வரவேண்டும், நாணயத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு இடம் இருக்கிறது. திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, பக்கத்தில் விலையை ஏற்றிவிட்டு நிரலில் பழைய விலையை அப்படியே விட்டுவிடுவது. கண்ணுக்குத் தெரிவதும் நிரலில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது கூகுளின் விதி. விதி கிடக்கட்டும், பழைய விலையைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு கல்லாவில் நாம் என்ன பதில் சொல்வது? அதனால் இரண்டும் ஒரே பட்டியலிலிருந்து தானாக வரும்படி அமைத்துத் தரச் சொல்லி உங்கள் வலைத்தள ஆளிடம் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், இதைச் செய்தால் தேடலில் முதலிடம் நிச்சயம் என்று சொல்லிப் பணம் கேட்டுச் சிலருக்கு போன் வந்திருக்கிறது. தயவுசெய்து கொடுக்காதீர்கள். நிரல் சரியாக இருந்தாலும் அதைத் தேடலில் காட்டியே தீருவோம் என்று கூகுளே உறுதி தருவதில்லை.

இன்னும் போட்டோ மெனுவோடு இருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு மெனுவைத் தட்டச்சு செய்து எடுத்து வாருங்கள், அங்கேயே உட்கார்ந்து முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்