சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாளா?

பெரியவர்கள் நிச்சயித்த கல்யாணத்தில் தொடங்கிக் காதலில் போய் முடியும் தொடர்களை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். அடுத்த அத்தியாயத்துக்காக ராத்திரி கண் விழித்துக் கிடந்த வாசகி நான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

உங்கள் கதையில் ஒரு பெரிய வீடு இருக்கும், அதில் ஒரு ரகசியம் இருக்கும். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகியிருக்கும். இல்லையென்றால், இன்ன தேதிக்குள் அவன் கல்யாணம் செய்துகொண்டால்தான் சொத்து என்று தாத்தா உயில் எழுதி வைத்திருப்பார். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வாசிக்கிற எங்களுக்கும் தெரியும். வந்த பெண்ணுக்கு மட்டும் தெரியாது.

எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதில் எனக்குக் குறையில்லை. மேஜைக்கடியில் குண்டு இருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் பதினைந்து நொடி அதிர்ச்சி, தெரிந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம் என்று சினிமா இயக்குநர் ஹிட்ச்காக் சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. என் மனத்தாங்கல் குண்டு வெடித்த பிறகு நடப்பதைப் பற்றியது.

உண்மை வெளியே வரும். அவள் அழுவாள். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியாம்மா?" என்பார். அங்கே நீங்கள் அத்தியாயத்தை முடிப்பீர்கள். அடுத்த வாரம் அவள் மன்னித்திருப்பாள்.

இதே கேள்வியை என் தோழியிடம் நிஜத்தில் அவள் கணவர் வீட்டார் கேட்டார்கள். கல்யாணமாகி மூன்றாவது மாதம், கணவரின் பயணப் பையில் சாக்ஸுக்குள் சுருட்டி வைத்த மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறாள். பாதி தீர்ந்திருந்தது. பல வருஷமாக அவர் சாப்பிட்டுவரும் மருந்து. சமாளிக்க முடியாத நோய் ஒன்றும் இல்லை. அவளை உடைத்தது நோய் அல்ல, சாக்ஸ். தினமும் ராத்திரி அவள் தூங்கும்வரை காத்திருந்து அதை எடுத்திருக்கிறார். "சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?" என்று அவர்கள் கேட்டபோது அவள் சொன்னாள்: "ஒத்துக்கிட்டுதான் இருப்பேன். அதைச் சொல்ற வாய்ப்பைத்தான் எங்கிட்டருந்து பறிச்சிட்டீங்க."

இந்தப் பதிலை உங்கள் நாயகி ஒருத்தி வாயிலிருந்துகூட நான் கேட்டதில்லை.

அந்தக் கேள்வி பாசம் அல்ல, வாக்குமூலம். தெரிந்தால் மறுத்துவிடுவாள் என்று தெரிந்தேதான் மறைத்தோம் என்று அதில் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். 1948-இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 16-ஆவது பிரிவு, மணக்கப்போகும் இருவரின் சுதந்திரமான, முழுமையான சம்மதத்தோடுதான் திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. பாதி விஷயத்தை மறைத்து வாங்கிய சம்மதம் எப்படி முழுமையாகும்?

அதிகாரச் சண்டையை நீங்கள் அருமையாக எழுதுகிறீர்கள், அதையும் சொல்ல வேண்டும். சாவிக்கொத்து யார் இடுப்பில், யார் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள், யாருடைய ரகசியம் யார் கையில் சிக்கியிருக்கிறது என்பதையெல்லாம் வைத்தே ஒரு வீட்டைக் கண்முன் நிறுத்திவிடுகிறீர்கள். ஆனால் அந்த வில்லி அண்ணியை நினைத்துப் பாருங்கள். அவளும் ஒருநாள் எதுவும் தெரியாமல் அந்த வாசலில் வந்து நின்றவள்தான். ரகசியம் தெரிந்தவருக்குத்தான் அங்கே மரியாதை என்பதை அந்த வீடுதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. கடைசியில் அரைப் பக்கத்தில் அதைச் சொல்லிவிட்டு அவளை வெளியே துரத்திவிடுகிறீர்கள். மறைத்த பெரியவர்கள் குடும்பப் புகைப்படத்தில் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை. அந்த அரைப் பக்கத்துக்குள்தான் ஒரு முழுத் தொடரே இருக்கிறது.

காதலை விட்டுவிடச் சொல்லவில்லை. காதலுக்காகத்தான் நானும் வாசிக்கிறேன். உண்மை தெரிந்த அன்றைக்கு அவளுக்கு யோசிக்க நாள் கொடுங்கள். கோபப்பட விடுங்கள். வேண்டுமானால் வீட்டை விட்டுப் போகவும் விடுங்கள். பிறகு அவன் வரட்டும். பாட்டி உடம்பைக் காட்டியோ குடும்ப மானத்தைச் சொல்லியோ அழைக்காமல், "இப்ப உனக்கு எல்லாம் தெரியும். எங்கூட வாழ சம்மதமா?" என்று முதல்முறையாக அவளையே கேட்கட்டும். அவள் பதில் சொல்ல எத்தனை அத்தியாயம் எடுத்துக்கொண்டாலும் நான் காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி