பழப் பானத்தில் ஐஸ் கட்டி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் ஏறினால் போதும், பத்திரிகைகளில் பழப் பானக் குறிப்புகளும் வரிசைகட்டி வந்துவிடும், உங்கள் இணைப்பிதழும் இதற்கு விலக்கில்லை. வரட்டும், நல்லதுதான். ஆனால் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. பழம், பால், சர்க்கரை, ஐஸ் கட்டி, எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அடித்துப் பரிமாறவும், அவ்வளவுதான். கூடவே ‘பால் - தேவையான அளவு’ என்று ஒரு வரி. பானம் கெட்டியாக வருமா, தண்ணீராக ஓடுமா என்பதே அந்தப் பாலின் அளவில்தான் இருக்கிறது, அதைப் போய் வாசகர் தலையில் கட்டிவிட்டால் எப்படி? இனிமேலாவது அளவைப் போடுங்கள்.

அதைவிட முக்கியமாக, அந்த ஐஸ் கட்டியைக் குறிப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஐஸ் என்பது வெறும் தண்ணீர். அடிக்கும்போதே கொஞ்சம் கரைகிறது, டம்ளருக்கு வந்தபின் மீதியும் கரைகிறது, கொஞ்ச நேரத்தில் மேலே நுரை, கீழே நிறமேறிய தண்ணீர். அந்த நீர்த்த ருசியைச் சரிக்கட்ட இன்னும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதுவும் போதாமல் கண்டென்ஸ்டு மில்க், அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் என்பதை யாரும் யோசிப்பதில்லை. இவ்வளவு சுற்றி வளைப்பதற்குப் பதில் பழத்தையே உறையவைத்துவிட்டால் வேலை முடிந்தது. குளிர்ச்சியும் பழத்திலிருந்தே, கெட்டித்தன்மையும் பழத்திலிருந்தே. உறையும்போது பழத்துக்குள் உருவாகும் பனித்துகள்கள் அதன் செல்களைக் கிழித்துவிடுவதால் அடிக்கும்போது சதை நன்றாக மசிந்துவிடும், பழத்தின் நாரும், பெக்டின் என்கிற பசைப்பொருளும் அந்த நீரைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். நாக்கில் க்ரீம் மாதிரி வழுவழுப்பாகத் தெரிவது இதனால்தான், உள்ளே ஒரு சொட்டு க்ரீம்கூட இல்லாவிட்டாலும்.

இதற்கு வாழைப்பழத்தை மிஞ்சிய பழம் கிடையாது. தோலில் பழுப்புப் புள்ளிகள் விழுந்த, நன்றாகக் கனிந்த பழமாக இருக்கட்டும், அந்தப் பருவத்தில் மாவுச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும், தனியாக இனிப்பே தேவைப்படாது. தோலை உரித்துவிட்டுத்தான் ஃப்ரீசரில் வைக்க வேண்டும், உறைந்தபின் உரிப்பது பெரிய தண்டனை. வட்டமாக நறுக்கி ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, அப்புறம் டப்பாவில் போட்டு மூடிக்கொள்ளலாம். நேரே டப்பாவில் கொட்டி உறையவைத்தால் மொத்தமும் ஒரே பாறையாகிவிடும், மிக்ஸி பாவம். மாம்பழமும் அருமையாக வரும். வெண்ணெய்ப்பழம் (அவகாடோ) இன்னொரு வகை, அதில் 100 கிராமுக்குச் சுமார் 15 கிராம் கொழுப்பு இருப்பதால் உறையவைக்காமலேயே வழவழப்பு கிடைத்துவிடும், ஆனால் அதற்கென்று பெரிய ருசி இல்லாததால் இன்னொரு பழத்தைத் துணைக்குச் சேர்ப்பது நல்லது. தர்பூசணி, ஆரஞ்சு, திராட்சை எல்லாம் பெரும்பாலும் தண்ணீர். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு க்ரீம் பானம் எதிர்பார்க்காதீர்கள், கூட ஒரு வாழைப்பழமாவது வேண்டும்.

அளவு சொல்கிறேன். இரண்டு பேருக்கு, உறைந்த பழத்துண்டுகள் இரண்டு கப், பால் முதலில் முக்கால் கப் மட்டும். ஜாரில் பால் கீழே, உறைந்த பழம் மேலே, இந்த வரிசை மாறினால் பிளேடு பழத்துக்குள் சிக்கிக்கொண்டு சும்மா சுற்றும். விட்டு விட்டு ஓட்டி, நடுவில் ஒருமுறை நிறுத்தி ஓரங்களை வழித்துவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். திணறினால் ஸ்பூன் ஸ்பூனாகப் பால் சேர்க்கலாம், ஊற்றிவிட்ட பாலைத் திரும்ப எடுக்க முடியாது. சின்ன மிக்ஸியாக இருந்தால் பழத்தை ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு அடிப்பது அதன் மோட்டாருக்கு நல்லது.

பாலா தயிரா என்றால், இனிப்பான பழத்துக்குப் பால், புளிப்பான பழத்துக்குக் கெட்டித் தயிர். பழத்தின் அமிலம் பாலைத் திரித்துவிடும், தயிர் ஏற்கெனவே உறைந்த பால் என்பதால் அந்தக் கவலை இல்லை. அன்னாசியும் கிவியும் பப்பாளியும் தனி ரகம். இவற்றிலுள்ள நொதிகள் பால் புரதத்தையே உடைத்துவிடும், அடித்து வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துக் குடித்தால் கசப்பது இதனால்தான், பால் கெட்டுப்போனதால் அல்ல. உறையவைத்தாலும் இந்த நொதி சாகாது, சூடுபடுத்தினால்தான் செயலிழக்கும். ஆகவே பாலோடு அடித்தால் உடனே குடித்துவிடுங்கள், அல்லது தேங்காய்ப்பால் சேர்த்து அடியுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தேங்காய்ப்பாலோ ஊறவைத்து அரைத்த முந்திரியோ போதும், முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் கவனம்.

இனிப்பு விஷயத்தில் ஒரு தந்திரம் உண்டு. சில்லென்று இருக்கும் எதிலும் நாக்குக்கு இனிப்பு மட்டாகத்தான் தெரியும், அதனால்தான் கை தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போகிறது. ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள், இருக்கிற இனிப்பே எடுப்பாகத் தெரியும். சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஒரு டம்ளர் பானத்திலேயே மூன்று ஸ்பூன் போட்டால் பாதிக் கணக்கு அங்கேயே முடிந்தது. தேன் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கவே கூடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட பானங்களைத் தாகம் தீர்க்கும் பானம் என்று தலைப்புப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. கெட்டியும் இனிப்புமாக இருப்பது வயிற்றில் நிற்கும், தாகத்துக்குத் தண்ணீர்தான். இதைச் சின்னச் சாப்பாடு என்று கணக்கில் வைத்துக்கொள்ளலாம், மதிய வெயிலில் சாப்பிடவே பிடிக்காத நேரத்துக்கு இது சரியாக இருக்கும்.

அடித்ததை வெளியே அதிக நேரம் வைக்க வேண்டாம். பால் சேர்ந்த எதையும் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது, வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மீந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் குடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், நிறமும் கறுத்து, தண்ணீரும் பிரிந்து, ஒருவரும் தொடமாட்டார்கள். உடனே சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் குச்சி சொருகி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், குச்சி ஐஸாகிவிடும். பிள்ளைகளுக்குப் பானத்தைவிட அதுதான் பிடிக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்