வந்திருக்க வேண்டும்

காந்தி நகர், காட்பாடி
ஆனி 3

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் நேற்றுப் பகல் வந்தது. வழக்கமாக உறையைக் கத்தியால் கீறிப் பிரிப்பவள், அவசரத்தில் கையாலேயே கிழித்தேன். முதல் வரியைப் படித்ததும் நீயும் என்னைக் கிழிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிந்தது.

"சிரசுத் திருவிழாவுக்கு நான் வந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, குடியாத்தம் வரை வந்துவிட்டு உன் வாசலை மிதிக்காமல் திரும்புகிறவளா நான்? என் கால் கோவையைத் தாண்டவேயில்லை." இப்படி நான்கு பக்கம்! தாயே, நான் எழுதியது அதுவல்ல. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகும்போது தெருவெல்லாம் தேங்காய் உடைத்து, ஓடு மேல் கால் வைக்காமல் நடக்க முடியவில்லை. சிறு வயதில் நீ பாவாடையில் தேங்காய்ச் சில்லு பொறுக்கிய கதை நினைவுக்கு வந்தது. உன் ஊர்த் திருவிழாவை உன் பக்கத்தில் நின்று பார்க்க முடியவில்லையே என்ற ஏக்கத்தில் 'நீ வந்திருக்க வேண்டும்' என்று எழுதினேன். நீயோ 'நீ வந்திருப்பாய், எனக்குத் தெரியும்' என்று நான் குற்றம் சாட்டுவதாகப் படித்துவிட்டாய்.

கோபம் தணிந்துவிட்டதல்லவா? இனி நான் பேசலாம். முப்பத்திரண்டு வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவளிடம் இப்படி ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் சும்மா விடுவேனா? தப்பு உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அந்த 'இருக்க வேண்டும்' இருக்கிறதே, அது இரண்டு வீட்டுக்கும் உறவு. 'வந்திருக்க வேண்டும்' என்றால் வந்தது நிச்சயம் என்ற ஊகமும் உண்டு. வராமல் போனதே என்ற குறையும் உண்டு. நேர் எதிரான இரண்டு செய்திகள், எழுத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. பேசும்போது குரல் காட்டிக்கொடுத்துவிடும். கடிதத்துக்குக் குரல் ஏது?

இதே சனியனோடுதான் நான் தினமும் மாலையில் மல்லுக்கு நிற்கிறேன். சொன்னேனே, வராந்தாவில் ஏழு நர்ஸ் பெண்கள் வருகிறார்கள் என்று. டியூட்டி முடிந்த களைப்போடு ஐந்தரைக்கு வந்து செருப்பை வரிசையாக விடுவார்கள். எல்லோருக்கும் பிரிட்டனில் வேலைக்குப் போக ஆசை. அதற்கு ஓ.இ.டி. என்று மருத்துவத் துறைக்கென்றே ஓர் இங்கிலீஷ் தேர்வு. ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, 45 நிமிடத்தில் 180 முதல் 200 சொற்களுக்குள் வேறொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுதச் சொல்வார்கள். முதல் 5 நிமிடம் படிக்க மட்டும்தான், பேனாவைத் தொடக்கூடாது. நம் காலத்தில் லீவ் லெட்டர் எழுதியே இங்கிலீஷ் முடிந்துவிட்டது.

போன வாரம் நானே ஒரு நோயாளியை உண்டாக்கிக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். சர்க்கரை நோயாளி, காலை ஏழு மணி இன்சுலின் விட்டுப்போய்விட்டது. ஆற்காட்டிலிருந்து வரும் பெண், ஏழு பேரில் கெட்டிக்காரி அவள்தான், எழுதிய வரி இது: 'ஹி மஸ்ட் ஹேவ் டேக்கன் இன்சுலின் அட் செவன்.' நான் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். "ஏழு மணிக்கு இன்சுலின் போட்டிருக்க வேண்டும் டீச்சர்." "போட்டாரா?" "இல்லை, போடவில்லை." "இங்கிலீஷில் நீ எழுதியது, போட்டிருப்பார், சந்தேகமே வேண்டாம் என்று." அவள் முகம் வெளுத்துவிட்டது. இலக்கணப் பிழைக்கு வெளுக்கிற முகம் இல்லை அது. அந்தக் கடிதத்தைப் படிக்கிற நர்ஸ், இன்சுலின் உள்ளே போய்விட்டது என்று நம்பிச் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நொடியில் பார்த்துவிட்டாள். வார்டில் நிற்கிறவளுக்கு அது உடனே தெரியும்.

இங்கிலீஷில் இந்த இடத்தில் மட்டும் பாதை பிரிகிறது. நடந்திருக்கும் என்ற ஊகத்துக்கு 'மஸ்ட் ஹேவ்'. நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்றால் 'ஷுட் ஹேவ்'. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. காட்பாடி ஸ்டேஷனில் நின்றுகொண்டு 'வண்டி இந்நேரம் வந்திருக்க வேண்டும்' என்று கணக்குப் போடும்போதும் 'ஷுட் ஹேவ்' வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் என் பெண்களிடம் நான் சொன்னது, நோயாளி விஷயத்தில் இரண்டையும் நம்பாதே, 'ஏழு மணிக்குப் போட வேண்டியது, போடவில்லை' என்று இரண்டு துண்டாக உடைத்து எழுது என்று. அழகாக இருக்காது. இன்சுலினுக்கு அழகு எதற்கு?

இன்னொரு கூத்தையும் கேள். அதே தேர்வில் பேச்சுப் பகுதி ஒன்று உண்டு. அட்டை ஒன்றைக் கொடுத்து, 3 நிமிடம் யோசிக்க விட்டு, நோயாளியாக நடிப்பவரோடு 5 நிமிடம் போலப் பேசச் சொல்வார்கள். நோயாளி வேஷம் எனக்குத்தான். மூட்டு வலிக்காரி என்பதால் முனகல் இயல்பாக வருகிறது. மறுநாள் காலை ஆபரேஷன், இரவிலிருந்து வெறும் வயிறு என்பது அட்டை. வாணியம்பாடிப் பெண் ஒருத்தி, மனதுக்குள் 'காலையில் எதுவும் சாப்பிட வேண்டாம்' என்று தமிழில் ஓடவிட்டு, வாயால் 'யூ டோன்ட் ஹேவ் டு ஈட் எனிதிங்' என்றாள். நான் நன்றி சொல்லிவிட்டு, "கட்டாயமில்லை என்றாலும் இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுக்கொள்கிறேன், பசி தாங்க மாட்டேன்" என்றேன். ஏழு பேரும் சிரித்தார்கள். பிறகுதான் அந்தப் பெண், "ஐயோ, மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போய்விடுமே" என்று தலையில் கை வைத்தாள்.

நம் 'வேண்டாம்' ஒரு சாதுவான சொல். 'காப்பி வேண்டாம்' என்கிறோம், 'நீ கவலைப்பட வேண்டாம்' என்கிறோம், 'அந்தப் பக்கம் போக வேண்டாம்' என்று குழந்தையையும் தடுக்கிறோம். விருப்பமின்மை, அவசியமின்மை, தடை மூன்றையும் ஒரே முகத்தோடு சொல்லிவிடுகிறது. நம்மிடம் வேறு சொல் இல்லாமலா? 'கூடாது' இருக்கிறது, அதற்கு நேராக 'மஸ்ட் நாட்'. 'வேண்டியதில்லை' இருக்கிறது, அதற்கு நேராக 'டோன்ட் ஹேவ் டு'. நோயாளியிடம் 'கூடாது' என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை, வயதானவர்களிடம் மரியாதைக் குறைவாகப் படுகிறது. மரியாதை பார்த்து 'வேண்டாம்' என்கிறோம். அந்த 'வேண்டாம்' இங்கிலீஷுக்குப் போகும்போது தவறான கதவைத் தட்டிவிடுகிறது. உன் பேத்தி பரீட்சையில் 'மஸ்ட் நாட்'டுக்கு 'தேவையில்லை' என்று எழுதி மார்க் இழந்தாள் என்றாயே, திட்டாதே. இங்கிலீஷ்தான் அங்கே குழப்புகிறது. 'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எதிர்மறையாக்கிப் பார், ஒன்று தடை ஆகிவிடும், மற்றொன்று விடுதலை ஆகிவிடும். 'கூடாது', 'வேண்டியதில்லை' என்ற இரண்டு தமிழ்ச் சொற்களைச் சொல்லிக் கொடு, போதும்.

இலக்கணப் புத்தகங்களில் இந்தச் சொற்களை மாடிப்படி மாதிரிப் போட்டிருப்பார்கள், மேல் படி 'மஸ்ட்', அடுத்தது 'ஷுட்', அடிப்படி ஏதோ ஒன்று. எனக்கு அந்தப் படிக்கட்டுப் படத்தைக் கண்டாலே ஆகாது. பலம் அல்ல, யார் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 'நான் தடி ஊன்ற வேண்டும்' என்றால் நானே முடிவெடுத்தது போல இருக்கிறது, அது 'மஸ்ட்'. 'நான் தடி ஊன்ற வேண்டியிருக்கிறது' என்றால் டாக்டரும் முழங்காலும் சேர்ந்து என் தலையில் கட்டியது, அது 'ஹேவ் டு'. (ஆம், தடி வந்துவிட்டது. சிரிக்காதே. பிரம்புத் தடி, பூண் போட்டது.) தமிழில் எவ்வளவு நேர்த்தியாகப் பிரிகிறது பார். இன்னொன்று, 'மஸ்ட்'டுக்கு இறந்தகாலம் கிடையாது, 'ஹேட் டு' என்றுதான் சொல்ல வேண்டும். காரணம் வேடிக்கையானது. 'மஸ்ட்'டே ஒரு பழைய சொல்லின் இறந்தகால உருவம்தான். செத்தவன் மறுபடி எப்படிச் சாவான்?

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் 'மஸ்ட் அண்ட் ஷுட் வர வேண்டும்' என்றுதான் அழைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் நழுவ முடியாது என்று நினைப்பு. லண்டனில் சொன்னால் புரியாது என்று வகுப்பில் திருத்துகிறேன், வீட்டுக்கு வருகிறவர்களைத் திருத்துவதில்லை. அழைப்பில் இருக்கிற ஆசை இலக்கணத்தைவிடப் பெரிது.

'ஷல்' பற்றிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. வேலூர்க் கோட்டையில் அகழி ஓரம் நடப்பதை முழங்கால் இன்னும் தடை செய்யவில்லை. போன ஞாயிறு ஜலகண்டேஸ்வரரைப் பார்த்துவிட்டு மதில் நிழலில் உட்கார்ந்தபோது இந்தச் சொல்தான் மனதில் ஓடியது. 1805-06இல் சென்னைப் படைத் தலைமையிலிருந்து சிப்பாய்களுக்கு வந்த உடை உத்தரவு உனக்கு நினைவிருக்கும். சீருடையில் நெற்றிக்குறி இடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, தாடை மழித்திருக்க வேண்டும், எல்லாம் 'ஷல்', 'ஷல் நாட்'. மீசைக்கு மட்டும் 'முடிந்தவரை' ஒரே சீராக என்று ஒரு சின்னச் சலுகை. தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை வேறு. 'ஷல்' என்று எழுதினவன் எதிரில் இருப்பவனிடம் எதையும் கேட்கவில்லை, நடக்கப்போவதை அறிவித்துவிட்டான். 1806 ஜூலை 10 விடியும் முன்னே கோட்டைக்குள் சிப்பாய்களின் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது என்றாலும், அந்த உத்தரவு ரத்தானது, தளபதி கிராடக்கும் கவர்னர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அதே 'ஷல் நாட்'டை நம் அரசியல் சட்டம் 14ஆம் பிரிவில் பார். சட்டத்தின் முன் சமத்துவத்தை யாருக்கும் அரசு மறுக்கக்கூடாது என்கிறது. அன்று சிப்பாயைக் கட்டிய கயிறு இப்போது அரசைக் கட்டுகிறது. இதை வகுப்பில் சொன்னபோது ஏழு பேரில் மூன்று பேர் கொட்டாவி விட்டார்கள், அது வேறு.

நீ ரசிப்பாய் என்று ஒன்றை மிச்சம் வைத்திருக்கிறேன். 'ஆட் டு' (ought to) என்று ஒன்று படித்தோமே, கடமை என்பதற்கு. அது கடன்பட்டிருப்பதைச் சொல்லும் 'ஓ' (owe) என்ற சொல்லின் பழைய இறந்தகாலம். 'ஷல்'லின் வேரிலும் கடன்தான். நம்மிடம்? காலைக்கடன், ஈமக்கடன், நேர்த்திக்கடன். கடமையும் கடனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் 'வேண்டும்' மட்டும் கடனிலிருந்து வரவில்லை, ஆசையிலிருந்து வந்தது. சாமியிடம் வேண்டுகிறோமே, அந்த வேண்டுதல். அதனால்தான் 'நான் ஒருமுறை லண்டன் போக வேண்டும்' என்று என் பெண்கள் சொல்லும்போது அது கனவா கட்டாயமா என்று எனக்கே பிடிபடுவதில்லை. வீட்டுக் கடனை அடைப்பதற்காகப் போகிறவளுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

கடன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆக்ஸிலியம் கல்லூரி விடுதியில் கடைசி வருடம், மூன்றாம் தாளில் தேறினால் வள்ளிமலை ஏறி முருகனுக்கு மாவிளக்கு வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவள் நீ. தேறினாய். மலை ஏறினாயா? கல்யாணம் வந்தது, கோவை வந்தது, முருகன் நாற்பது வருடமாகக் கணக்கைத் திறந்தே வைத்திருக்கிறார். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது. என் முழங்காலோடு எத்தனை படி ஏற முடியுமோ அத்தனை படி உன்னோடு வருகிறேன். மிச்சத்தை நீ மட்டும் ஏறிவிட்டு இறங்கி வா, நான் கீழே பூண் தடியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த முறை 'நீ வர வேண்டும்' என்று எழுதப் போவதில்லை, மறுபடி நான்கு பக்கம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தெம்பில்லை. வா. காலை இன்டர்சிட்டியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே இருப்பாய். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து விலையில் கொம்பு முளைத்துக்கொண்டு திரிகிறது, இருந்தாலும் உனக்காக ஒரு கிலோ வாங்கி எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறேன். பேத்தியையும் கூட்டி வா, வராந்தாவில் எட்டாவது செருப்புக்கு இடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழி