வெற்றுத் தாள்களின் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கட்டுரை கிடைத்தது. ஒட்டோமான் சுல்தானுக்கு வேலை பார்த்த குர்து அறிஞர் இத்ரிஸ் பித்லிஸியைக் ‘குர்துகளை ஒட்டோமான்களிடம் விற்றவர்’ என்று முதல் பத்தியிலேயே முடித்துவிட்டாய். குர்துகளிலும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்கினார் என்ற கணக்கே அதில் இல்லையே, அம்மா.

1514 ஆகஸ்டில் சால்திரான் போரில் ஒட்டோமான் சுல்தான் முதலாம் செலிம், பாரசீகத்தை ஆண்ட ஷா இஸ்மாயிலை ஜெயித்தார். ஆனாலும் குர்துகள் வாழும் தியார்பகிர் (இன்றைய தென்கிழக்குத் துருக்கி) பக்கத்து மலைக்கோட்டைகள் கைக்கு வரவில்லை. அங்கே ஷா இஸ்மாயில் முன்பே ஒரு தப்பு செய்திருந்தார்: பணிய வந்த குர்து அமீர்களை, அதாவது குறுநிலத் தலைவர்களை, சிறையில் போட்டு, அவர்கள் இடத்தில் தன் கிஸில்பாஷ் படைவீரர்களை ஆளுநர்களாக உட்கார வைத்தார். அமீர்களைச் செலிம் பக்கம் இழுப்பதுதான் இத்ரிஸின் வேலை; அதில் பாதியை எதிரியே முடித்துவைத்துவிட்டான். சுமார் 25 அமீர்கள் செலிம் பக்கம் வந்தார்கள்.

அப்போது செலிம் இத்ரிஸுக்கு அனுப்பியவைதான் அந்த வெற்றுத் தாள்கள். உச்சியில் துக்ரா, அதாவது சுல்தானின் சுழித்து வரைந்த பெயர்முத்திரை. கீழே ஒரு எழுத்தில்லை. எந்த அமீருக்கு எந்த நிலம் என்று எழுதிக்கொள்ள வேண்டியது இத்ரிஸ். பல அமீர்களுக்கு நிலம் தகப்பனுக்குப் பின் மகனுக்குப் போகும். போருக்குக் கூப்பிட்டால் படையோடு வர வேண்டும். மற்ற மாகாணங்களில் ஆளுநரை நினைத்தபோது மாற்றிய அரசு இங்கே விட்டுக்கொடுத்தது.

அமீர்களுக்கு மேல் தலைவராக ஒட்டோமான் தளபதி மெஹ்மத் பாஷாவைச் செலிம் திணித்தார் என்கிறாயே, அதைத் திருத்து. உங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் செலிம் அமீர்களிடம் சொன்னார். ஒரு அமீர் இன்னொருவருக்குத் தலைவணங்க மாட்டார் என்று தெரிந்து, வெளியாளைக் கேட்டவர் இத்ரிஸ்.

தாளின் பலம் இத்ரிஸுக்குப் பழக்கம். ஈரானின் தப்ரிஸில், ஆக் கோயுன்லு என்ற துருக்மேன் வம்சத்து அரசர் யாகூப் பெக்கின் எழுத்தராக இருந்தவர். 1501இல் ஷா இஸ்மாயில் அந்த நகரைப் பிடித்தபின் மேற்கே வந்தார். செலிமின் தகப்பன் சுல்தான் இரண்டாம் பயாசித் கேட்க, எட்டு ஒட்டோமான் சுல்தான்களின் வரலாற்றைப் பாரசீகத்தில் ‘ஹஷ்த் பிஹிஷ்த்’ என்று எழுதினார். வேலை 1506இல் முடிந்தது. எதிர்பார்த்த சன்மானம் வரவில்லை. 1511இல் மக்கா போய், அங்கிருந்தபடி எனக்கு நடந்ததை எல்லாம் நூலின் முன்னுரையில் எழுதிவிடுவேன் என்று அரண்மனைக்கே ஓலை அனுப்பினார். பொல்லாத ஆள்தான்!

இன்னொன்று. குர்துகளின் வரலாற்று நூலான ‘ஷரஃப்நாமா’வையும் இவர் தலையில் கட்டியிருக்கிறாய். அது ஷரஃப் கான் பித்லிஸி 1597இல் முடித்தது. இத்ரிஸ் 1520இலேயே இஸ்தான்புல்லில் இறந்துவிட்டார். அந்த வரியை எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா