பாதி வாசித்த உறுப்புரை

ஆசிரியருக்கு,

நான் சைவன். பதுளையில் என் வீட்டுச் சுவருக்கு அப்பால் உள்ள வீட்டில் ஞாயிறுதோறும் பதினைந்து கிறிஸ்தவர்கள் கூடி ஜெபிக்கிறார்கள். நாலு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி, சுருதி சேராத ஒரு கிட்டார், அவ்வளவுதான். சென்ற மாதம் ஒரு கூட்டம் வாசலை மறித்து, "அனுமதிக் கடிதம் எங்கே?" என்றது. அரசின் 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை புதிதாக வழிபாட்டுத் தலம் கட்ட அனுமதி பெறுவதைப் பற்றியது. வீட்டுக்குள் கண்மூடி உட்காரக் கடிதம் எதற்கு? இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை தருகிறது. அதே வாக்கியம் எல்லா மதங்களுக்குமான 10, 14ஆம் உறுப்புரை உரிமைகளையும் உறுதிசெய்கிறது. பாதியில் வாசிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

போதகர்கள்மீதும் எனக்குக் கோபமுண்டு. என் மனைவி வைத்தியசாலையில் கிடந்தபோது, சேலைன் ஏறும் கையைப் பிடித்தபடி ஒருவர் மதம் பேசினார். தலையணைக்கடியில் துண்டுப்பிரசுரம் வேறு. அது ஊழியமல்ல, அத்துமீறல்.

1873இல் பாணந்துறையில் பௌத்தத் துறவி மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் கிறிஸ்தவப் போதகர் டேவிட் டி சில்வாவும் எந்த மதம் சரி என்று ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் இரண்டு நாள் வாதிட்டார்கள். பேச்சில் காரம் இருந்தது, கல்லெறி இல்லை.

வரும் ஞாயிறு விகாரைத் தேரரும் கிராம சேவகரும் அந்த வீட்டுக்கு நேரில் வந்து பார்க்கட்டும். தேநீர் என் பொறுப்பு.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
பதுளை.